அப்பா டூட்டிக்குப் போயாச்சு

மார்ச் 4, செவ்வாய்

எழுதச் சொன்னவர் ஜெனோவா மேடம். எழுத மாட்டேன் என்றவன் நான். யார் ஜெயித்தார்கள் என்பது இந்தப் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

நான் இசக்கியப்பன், தென்காசியில் பஸ் கண்டக்டர். என் மகள் கனிஷ்காவுக்கு ஐந்து வயது நடக்கிறது. அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ஜெனோவா மேடம். முதலில் மொழியியல் படித்துவிட்டு, பிறகு இந்தப் படிப்பும் படித்தவராம். என் கடைசித் தங்கையைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர் எதிரில் உட்கார்ந்தால், செக்கிங் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறியது மாதிரி எனக்குக் கை தானாகப் பையைத் தடவுகிறது.

கனி வாயிலிருந்து எது வந்தாலும், வந்தபடியே, எந்த நேரத்தில், எதைப் பார்த்துச் சொன்னாள் என்று எழுத வேண்டுமாம். வீட்டில் நடப்பதையும் சேர்த்து எழுத வேண்டுமாம். "இவுக கையெழுத்து முத்து முத்தா இருக்கும் மேடம்" என்று என் வீட்டுக்காரி செண்பகம் என் தலையில் கட்டிவிட்டாள்.

இன்று கனி சொன்னவை. காலையில் "சட்னி வேணுமா சாம்பார் வேணுமா." பசி வந்தால் இதைத்தான் சொல்வாள், சோறு என்றாலும் உப்புமா என்றாலும். சாயங்காலம் "கதவைச் சாத்து கொசு வரும்." தூக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது "அப்பா டூட்டிக்குப் போயாச்சு."

வந்தவனைப் பார்த்துப் போயாச்சு என்கிறாள். எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 6, வியாழன்

ரெண்டாவது ட்ரிப்பில் பாவூர்சத்திரம் சந்தைக் கூட்டம். ஒருவர் ஆட்டுக்குட்டியைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு ஏறினார். அது கத்தியதும், தனக்கு இருமல் என்றார்.

கொடியில் காய்ந்த என் காக்கிச் சட்டையைப் பார்த்துக் கனி சொன்னது: "அப்பா டூட்டிக்குப் போயாச்சு." நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

வார ஓய்வு. மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றினேன். தண்ணீர்த் தொட்டி கழுவினேன். நானும் செண்பகமும் இருக்கிற கல்யாணப் போட்டோவைக் கனி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். என் முகத்தில் விரலை வைத்து, "அப்பா டூட்டிக்குப் போயாச்சு."

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இதை முன்னாலேயே சொல்லிவிட்டார். இது பேச்சு இல்லை, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறாள், பெரிதாக எதிர்பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். நல்ல மனிதர்தான். எங்கள் நிலைமையைப் பார்த்து ஃபீஸ்கூட வாங்கவில்லை.

டிப்போவில் சென்னை வண்டிக்கு ஆள் கேட்டார்கள். பேர் கொடுத்திருக்கிறேன். போனால் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. மாதத்தில் பாதி நாள் வீட்டில் தலைகாட்ட வேண்டாம். படிக்காசும் கூடுதலாக வரும். செண்பகத்திடம் படிக்காசை மட்டும் சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

வகுப்பு உண்டு. செவ்வாய்தோறும் என் காலை ஷிஃப்டை வாங்கிக்கொண்டு மத்தியான ஷிஃப்டை எனக்குத் தருகிறவன் வெள்ளத்துரை. ஒருநாள்கூட ஏன், எதற்கு என்று கேட்டதில்லை. இந்த மேடத்தைப் பற்றிச் சொன்னதும் அவன்தான். அவனுக்கு ஒரு நல்ல வேட்டி எடுத்துத் தர வேண்டும். தந்தால் திட்டுவான்.

மேடம் நான் எழுதியதை வாங்கிப் படித்தார். இன்னும் ஒரு வாரம் எழுதுங்கள் என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

மேடம் மேஜைமேல் ஒரு வாழைப்பழத்தை வைத்தார். கனிக்கு என்று நினைத்தேன். எங்களுக்குப் பாடம் நடத்தவாம். பழம் என்ற சொல்லைப் பிளந்து பாருங்கள் என்றார். 'ப' ஒருபக்கம், 'ழம்' ஒருபக்கம், ரெண்டுக்கும் அர்த்தம் இல்லை. அது தனிச்சொல். வாழைப்பழத்தைப் பிளந்தால் வாழை, பழம் என்று ரெண்டுக்கும் அர்த்தம் இருக்கிறது. ஆனால் நடுவில் எதையும் நுழைக்க முடியாது. 'வாழைப் பெரிய பழம்' என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். ரெண்டு சேர்ந்ததுதான், ஆனாலும் ஒரே சொல்லாக நடந்துகொள்கிறது. 'நல்ல பழம்' அப்படி இல்லை. நல்ல பெரிய பழம் எனலாம், நல்ல காய் எனலாம். அது தொடர். எழுதும்போது இடம் விடுகிறோமா என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாதாம். நடுவில் ஏதாவது நுழைகிறதா, ஒரு துண்டை எடுத்துவிட்டு வேறு துண்டை வைக்க முடிகிறதா, துண்டு தனியாக நிற்கிறதா, இதைத்தான் பார்ப்பார்களாம்.

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். மூன்று பேர் சீட்டில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தால் நடுவில் யாரையும் விடமாட்டார்கள். மூன்று வழிப்போக்கர்கள் என்றால் ஒருவரை எழுப்பலாம், ஒருவரை நுழைக்கலாம். வாழைப்பழம் குடும்பம். நல்ல பழம் வழிப்போக்கர்கள். மேடத்திடம் சொன்னேன். சிரித்துவிட்டு, பரவாயில்லையே என்றார்.

பிறகு என் எழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். கனி எப்போதாவது 'அப்பா' என்று மட்டும் சொன்னதுண்டா? இல்லை. 'டூட்டி' என்று மட்டும்? இல்லை. அம்மா போயாச்சு, மாமா போயாச்சு என்று? இல்லை. அப்பா இன்னைக்கு டூட்டிக்குப் போயாச்சு என்று நடுவில் ஏதாவது சேர்த்து? செண்பகம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள், இல்லை, இல்லை என்று.

"அப்ப அது வாக்கியம் இல்ல, கனி அப்பா. நமக்குத்தான் அது மூணு சொல். அவளுக்கு ஒண்ணே ஒண்ணுதான். பழம் மாதிரி."

அந்த ஒன்றுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் ஓங்கியே வந்துவிட்டது.

"நீங்கதான் எழுதியிருக்கீங்களே. நீங்க வரும்போது சொல்லுதா. உங்க சட்டையைப் பாத்துச் சொல்லுதா. போட்டோல அம்மா முகத்துக்குச் சொல்லல, உங்க முகத்துக்குத்தான் சொல்லுதா. உங்களைப் போகச் சொல்லல. அது உங்க பேரு."

செண்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கனி வாழைப்பழத்தை உரித்துப் பாதி தின்றிருந்தாள். எனக்குப் பன்னிரண்டே கால் வண்டி இருந்ததால் கிளம்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன். இத்தனை நாளும் பிள்ளை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மார்ச் 19, புதன்

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குடையை மறந்துவிட்டேன் என்று வெளியே போய் மறுபடி வந்தேன். பிறகு செருப்பை ஓரமாக விட மறந்துவிட்டேன் என்று இன்னொரு தடவை. மொத்தம் மூன்று தடவை சொன்னாள். இன்று மழைக்கு வாய்ப்பே இல்லை, குடை எதுக்கு என்று செண்பகம் கேட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

வார ஓய்வு. பேர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைச் சின்னதாக்கினால் என்ன என்று தோன்றியது. கனிக்கு முறுக்கு உயிர். கையில் ஒரு முறுக்கை வைத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். "அப்பா. சொல்லு, அப்பா. அப்பா மட்டும்." செண்பகமும் சேர்ந்துகொண்டாள். அவள் அடுப்படியிலிருந்து டூட்டி, டூட்டி என்றாள். நான் கூடத்திலிருந்து அப்பா, அப்பா என்றேன். பஸ் ஸ்டாண்டில் ரெண்டு வண்டிக்காரர்கள் போட்டி போட்டு ஆள் கூப்பிடுகிற மாதிரி இருந்திருக்கும். பிள்ளை என்னையும் பார்த்தாள், முறுக்கையும் பார்த்தாள். பிறகு காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

முறுக்கைக் கட்டிலுக்கு அடியில் நீட்டினேன். வாங்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

கனி: ஒன்றும் இல்லை.

மார்ச் 26, புதன்

ஒன்றும் இல்லை. மேடம் ஊரில் இல்லாததால் நேற்று வகுப்பும் இல்லை. பசித்தால் தட்டை எடுத்து வைக்கிறாள். தூக்கம் வந்தால் போய்ப் படுத்துக்கொள்கிறாள். நான் உள்ளே வந்தால் ஏறிட்டுப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

மார்ச் 28, வெள்ளி

நேற்றும் இன்றும் இல்லை. இருந்த ஒன்றையும் நானே கெடுத்துவிட்டேன். பயமாக இருக்கிறது. செண்பகம் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இன்று டிக்கெட் கொடுத்துவிட்டு ஒரு பெரியவரிடம் பணம் வாங்காமலே நகர்ந்துவிட்டேன். அவர்தான் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்த மனிதருக்கு நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மேடம் திட்டினார். நன்றாகவே திட்டினார். அது ஒரே சொல் என்று சொன்ன பிறகு அதைப் பிடித்து இழுத்தால் எப்படிப் பிரியும், பழத்தை 'ப' என்றும் 'ழம்' என்றும் சொல்லச் சொன்னால் நீங்கள் சொல்வீர்களா என்று கேட்டார். சேர்ந்திருக்கிற இடம் எது என்று கனிக்கே தெரிய வேண்டும். அதற்கு நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். அதே அச்சில் வேறு வேறு வாக்கியங்களை அவள் காதில் விழச் சொல்லிக்கொண்டே இருப்பது. அவளைச் சொல்லச் சொல்லவே கூடாது.

"உடைக்கறது அவ வேலை. நம்ம வேலை காத்திருக்கறது" என்றார்.

இந்த வாக்கியம் எப்படி வந்தது என்றும் கேட்டார். நான் வேலைக்குக் கிளம்பினால் கனி அழுவாள். அதனால் செண்பகம் அவளைப் பின்பக்கம் காக்கா காட்டக் கூட்டிப் போவாள், நான் சத்தமில்லாமல் நழுவிவிடுவேன். திரும்பி வந்து பிள்ளை தேடும்போது செண்பகம் சொல்கிற சமாதானம் அது. நாலு வருஷமாக ஒரே சொல்லில், ஒரே ராகத்தில். மேடம் அதையும் குறித்துக்கொண்டு, இனிமேல் சொல்லிக்கொண்டே கிளம்புங்கள், அழுதால் அழட்டும் என்றார்.

திட்டு வாங்கிவிட்டு இவ்வளவு நிம்மதியாக நான் எங்கிருந்தும் வெளியே வந்ததில்லை. பிள்ளை இப்போது பேசாமல் இருப்பதும் கெடுதல் இல்லையாம். கோபம், அவ்வளவுதானாம். கோபித்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை நல்ல பிள்ளை என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

"போயிட்டு வாறேன் கனி" என்று அவள் முன்னால் நின்று சொன்னேன். அழுதாள். தெருமுனைவரை கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் லீவு போட்டிருப்பேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வீடே பைத்தியம் பிடித்த வீடாகிவிட்டது. பால்காரர் வீட்டுக்குப் போயாச்சு. மாடு தண்ணிக்குப் போயாச்சு. அம்மா கடைக்குப் போயாச்சு என்று செண்பகம் தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டு கடைக்குப் போகிறாள். நேற்று வெள்ளத்துரை வந்தவன் விவரம் கேட்டுவிட்டு, காப்பி குடித்து எழுந்ததும், "மாமா ஸ்டாண்டுக்குப் போயாச்சு" என்று கனியிடம் கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அவனுக்கு ஒரு வேட்டி போதாது.

எதிர்வீட்டு அம்மா, வீட்டில் யாரும் தவறிவிட்டார்களா என்று பதறி விசாரிக்க வந்தார். அவருக்கும் விளக்கிச் சொன்னோம். இப்போது அவரும் சொல்கிறார்.

கனி: ஒன்றும் இல்லை. ஆனால் இன்று நான் கிளம்பியபோது அழவில்லை. கையை மட்டும் பிடித்திருந்தாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். செண்பகம் கனி காட்டினாள், அதாவது தட்டில் மாம்பழமும் எலுமிச்சையும் கண்ணாடியும் வைத்து, பிள்ளையின் கண்ணைப் பொத்திக் கூட்டி வந்து திறந்துவிட்டாள். கண்ணாடியில் அவள் முகத்துக்குப் பின்னால் என் முகமும் தெரிந்தது. அவள் வாய் கொஞ்சம் அசைந்தது. நான் அசையவே இல்லை. அவள் மாம்பழத்தை எடுத்துக்கொண்டாள்.

பாயசம் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

கடையம் தாண்டி வண்டி போய்க்கொண்டிருக்கிறது. செண்பகம் போன் பண்ணினாள். டூட்டி நேரத்தில் பண்ணமாட்டாள். எடுத்தால் அழுகைதான் கேட்டது. பிறகுதான் விஷயம் வந்தது.

எதிர்வீட்டுப் பூனை எங்கள் மதில்மேல் படுத்திருக்கும். அது எழுந்து சோம்பல் முறித்து அந்தப் பக்கம் குதித்ததாம். கனி ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள்.

"பூனை டூட்டிக்குப் போயாச்சுன்னா. நான் சொல்லிக் கொடுக்கல. சாமி சத்தியமா நான் சொல்லிக் கொடுக்கலங்க."

நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முன் சீட்டில் ஒரு அம்மா, என்னப்பா, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று கேட்டார்கள். "இல்லம்மா. பூனை டூட்டிக்குப் போயாச்சு" என்றேன். என்ன நினைத்தார்களோ, "ரொம்ப நல்லதுய்யா" என்றார்கள். யார் பெற்ற அம்மாவோ, நன்றாக இருக்கட்டும். அந்தப் பூனையும் நன்றாக இருக்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வாங்கிப் போன அரை லிட்டர் பாலை முழுசாக அதற்கு ஊற்றினேன். மூன்று வாய் நக்கிவிட்டு மீதியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இந்த வாரக் கணக்கு: சோறு டூட்டிக்குப் போயாச்சு, தட்டு காலியானதும். கரண்ட் டூட்டிக்குப் போயாச்சு, ஃபேன் நின்றதும். மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூனை டூட்டிக்குப் போனதாக இந்த உலகத்தில் யாரும் இதுவரை சொன்னதில்லை, அதனால் இதை இவள் யாரிடமிருந்தும் கடன் வாங்கியிருக்க முடியாது என்றார். தப்பான வாக்கியம்தான். ஆனால் முழுக்க முழுக்க இவளுடையது. திருத்தவே கூடாது என்று மறுபடியும் மறுபடியும் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு இதை ஒருநாள் போய்ச் சொல்ல வேண்டும். சண்டைக்கு இல்லை, அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

நான் உள்ளே வந்தால் மறுபடியும் பழையபடி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். என் இடத்தில் பூனை உட்கார்ந்துவிட்டது, சோறு உட்கார்ந்துவிட்டது, கரண்ட் உட்கார்ந்துவிட்டது. நான் மட்டும் இன்னும் டூட்டியிலிருந்து இறங்கவில்லை. அதனால் ஒன்றும் இல்லை. சும்மா எழுதினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சென்னை வண்டிக்குக் கொடுத்த பேரை வாபஸ் வாங்கிவிட்டேன். ராத்திரிக் கண்விழிப்பு உடம்புக்கு ஆகாது.

மே 11, ஞாயிறு

வார ஓய்வு. குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே செண்பகம் பாத்திரம் தேய்க்கிற சத்தம். கனி குளியலறைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொல்கிறாள்: "அப்பா குளிக்கப் போயாச்சு."

தலையில் சோப்பு. கையில் மொண்ட தண்ணீர். ஊற்றாமல் நின்றேன். பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. நான் டூட்டிக்குப் போகவில்லை, குளிக்கத்தான் வந்திருக்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். சோப்பு கண்ணில் இறங்கியது. எரிச்சல் நெடுநேரம் போகவில்லை.

மே 13, செவ்வாய்

மேடத்திடம் மாம்பழக் கூடை கொடுத்தோம். வாங்கமாட்டேன் என்றார். "வாங்கிக்கிடுங்க, இது வாயில வந்த வார்த்தைக்கு" என்று செண்பகம் சொன்னதும் ரெண்டு மட்டும் எடுத்துக்கொண்டார். கனி கூடையைப் பார்த்து, "பழம் வேணுமா பழம் வேணுமா" என்று எல்லாரிடமும் கேட்டாள். சட்னியும் சாம்பாரும் பிரிந்துவிட்டன. மூன்று பேரும் வேண்டும் என்றோம்.

ஜூன் 15, ஞாயிறு

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதால் வார ஓய்வு கிடையாது, கூடுதல் வண்டி. நாலு மணிக்கு விட்டார்கள். சாரலில் நனைந்தபடி வீட்டுக்கு வந்தேன். செண்பகம் சுக்குக் காப்பி போட உள்ளே போனாள்.

கனி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மலைமேல் மேகம் இறங்கி, வெயிலோடு சாரலும் பெய்துகொண்டிருந்தது. நான் உள்ளே வந்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. சரி, மழையில் லயித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, சட்டையைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப்போடப் போனேன். பிழிந்து உதறி, ஒரு கையைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"அப்பா."

திரும்பினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பைச் சுற்றி எட்டி எட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தள்ளு."

அடுப்படியில் டம்ளர் விழுந்து உருண்டது. நான் தள்ளவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவு பெரிய ஜன்னலை மறைத்துக்கொண்டு, காது கேட்காதவன் மாதிரி நின்றேன்.

இந்தத் தடவை கோபமாகவே சொன்னாள். ரெண்டு கையையும் என் தொடையில் வைத்து அழுத்தினாள்.

"அப்பா, தள்ளு!"

தள்ளி நின்றேன்.